‘தடை இல்லை’ என்பதும் ‘உரிமை உண்டு’ என்பதும்: கொசோவோ ஆலோசனைக் கருத்துரை (2010) குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கொசோவோவின் விடுதலை அறிவிப்பு பன்னாட்டுச் சட்டத்தை மீறவில்லை எனப் பன்னாட்டு நீதிமன்றம் 2010 ஜூலை 22 அன்று வழங்கிய ஆலோசனைக் கருத்துரையை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. நீதிமன்றம் வந்தடைந்த முடிவைக் காட்டிலும் அதற்குச் சென்ற வழியே இங்கு ஆய்வுப்பொருள். கேள்வியைச் சுருக்கியமை, அறிவிப்பைச் செய்தவர் யார் என்பதை மாற்றி வரையறுத்தமை, தடையின்மையையே சட்ட இசைவாகக் கொண்டமை ஆகிய மூன்று படிகளும் ஆராயப்படுகின்றன. கியூபெக் தொடர்பில் கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் வழங்கிய கருத்துரையோடு ஒப்பிட்டு, நீதிமன்றத்தின் மௌனம் நடுநிலை ஆகாது என்றும், அம்மௌனம் முடிவெடுக்கும் ஆற்றலை அங்கீகாரம் வழங்கும் அரசுகளிடமே விட்டுவிட்டது என்றும் கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சுயநிர்ணய உரிமை, பிரிந்து செல்லல், ஆட்புல ஒருமைப்பாடு, கொசோவோ, கியூபெக், அங்கீகாரம்

முன்னுரை

ஒரு நாட்டின் ஒரு பகுதியில் வாழும் மக்கள், அந்நாட்டு அரசின் இசைவின்றிப் பிரிந்து தனி அரசு அமைக்கலாமா? இக்கேள்விக்குப் பன்னாட்டுச் சட்ட ஆவணங்கள் எவையும் நேரடி விடை தரவில்லை. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முதல் உறுப்பு மக்களின் சுயநிர்ணயக் கோட்பாட்டை மதிப்பதைக் குறிப்பிடுகிறது; இரண்டாம் உறுப்பு நாடுகளின் ஆட்புல ஒருமைப்பாட்டைப் படைவலிமையால் சிதைப்பதை விலக்குகிறது. 1966ஆம் ஆண்டின் இரு மனித உரிமை உடன்படிக்கைகளும் சுயநிர்ணய உரிமையைத் தம் முதல் உறுப்பிலேயே வைத்துள்ளன. எனினும் அவ்வுரிமை ஒரு மக்களை எதுவரை அழைத்துச் செல்லும் என்பதை அவை வரையறுக்கவில்லை. காலனிய ஆட்சிக்கு உட்பட்ட மக்களைப் பொறுத்தவரை, பொதுச்சபையின் 1960ஆம் ஆண்டுத் தீர்மானத்திற்குப் பின் ஐயத்திற்கு இடமில்லை. காலனியச் சூழலுக்கு வெளியே உள்ள மக்களைப் பொறுத்தவரை கேள்வி திறந்தே கிடக்கிறது.

இக்கேள்வியைப் பன்னாட்டு நீதிமன்றம் மிக நெருங்கிச் சென்றது கொசோவோ விவகாரத்தில்தான். அக்கருத்துரைக்கு இரண்டு எளிய வாசிப்புகள் உண்டு. ஒன்று, அதனைப் பிரிவினைக்கான சட்ட ஒப்புதலாகக் கொள்வது. மற்றொன்று, வேறு எவருக்கும் பொருந்தாத தனி நிகழ்வெனத் தள்ளிவிடுவது. இரண்டும் கருத்துரையின் முடிவுரையை மட்டும் படிப்பவை. அதன் காரண வாதங்களைப் படிப்பவை அல்ல. காரண வாதங்களைப் பின்தொடர்ந்தால், நீதிமன்றம் எதைக் கூறியது என்பதைவிட எதைக் கூறாமல் விட்டது என்பதே பின்விளைவுகளைத் தீர்மானித்தது என்பது புலப்படும்.

1. பின்புலம்

1974ஆம் ஆண்டு யூகோஸ்லாவிய அரசமைப்பின்படி கொசோவோ, செர்பியக் குடியரசினுள் விரிந்த தன்னாட்சி பெற்ற மாகாணமாக இருந்தது. 1989இல் அத்தன்னாட்சி பறிக்கப்பட்டது. 1991இல் கொசோவோ அல்பேனியர்கள் வாக்கெடுப்பு நடத்தி விடுதலையை முன்வைத்தபோது அல்பேனியாவைத் தவிர எந்நாடும் அதனை ஏற்கவில்லை. யூகோஸ்லாவியா சிதைந்த காலத்தில் ஐரோப்பிய சமூகம் அமைத்த பாதாந்தேர் ஆணையம், குடியரசுகளுக்கு இடையிலான எல்லைகளையே பன்னாட்டு எல்லைகளாகக் கொண்டது. கொசோவோ குடியரசு அல்ல, மாகாணமே என்பதால் அவ்வாய்ப்பு அதற்குக் கிட்டவில்லை.

1998–99 ஆண்டுகளின் ஆயுத மோதலும், அல்பேனிய மக்கள் பெருந்திரளாக வெளியேற்றப்பட்டதும், 1999 மார்ச்சில் தொடங்கிய நேட்டோ குண்டுவீச்சும் நிலைமையை மாற்றின. 1999 ஜூன் 10 அன்று பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1244ஆம் தீர்மானம் கொசோவோவை ஐ.நா. இடைக்கால நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அத்தீர்மானம் யூகோஸ்லாவியாவின் ஆட்புல ஒருமைப்பாட்டையும் உறுதி செய்தது. கொசோவோவின் எதிர்கால நிலையைத் தீர்மானிக்கும் அரசியல் வழிமுறையையும் எதிர்நோக்கியது. அவ்வழிமுறையை முன்னின்று நடத்திய மார்ட்டி அஹ்திசாரி, பேச்சுவார்த்தை பயனற்றுப்போன நிலையில் 2007இல் கண்காணிப்புடன் கூடிய விடுதலையைப் பரிந்துரைத்தார். பாதுகாப்பு அவையில் அதற்கு உடன்பாடு எட்டப்படவில்லை. 2008 பிப்ரவரி 17 அன்று பிரிஷ்டினாவில் விடுதலை அறிவிக்கப்பட்டது.

செர்பியாவின் முன்மொழிவின்பேரில் 2008 அக்டோபர் 8 அன்று பொதுச்சபை இவ்விவகாரத்தைப் பன்னாட்டு நீதிமன்றத்திற்கு அனுப்பியது. ஆதரவாக 77 நாடுகளும் எதிராக 6 நாடுகளும் வாக்களித்தன. 74 நாடுகள் வாக்களிப்பில் விலகி நின்றன. கொசோவோவின் தற்காலிகத் தன்னாட்சி நிறுவனங்கள் செய்த ஒருதலைப்பட்ச விடுதலை அறிவிப்பு பன்னாட்டுச் சட்டத்திற்கு இயைந்ததா என்பதே கேள்வி. விலகி நின்ற நாடுகளின் எண்ணிக்கை, தெளிவான விடை வருவதைப் பல அரசுகள் விரும்பவில்லை என எண்ண இடமளிக்கிறது.

2. கேள்வியைச் சுருக்குதல்

அறிவிப்பு பன்னாட்டுச் சட்டத்தை மீறவில்லை என நீதிமன்றம் 10க்கு 4 என்னும் வாக்குகளில் முடிவு செய்தது. அம்முடிவுக்கான முதற்படி, கேள்வியின் எல்லையை வரைவது. கொசோவோ அரசு என்னும் தகுதியை அடைந்ததா, பிற நாடுகள் அதனை அங்கீகரித்தது செல்லுமா, அறிவிப்பின் சட்ட விளைவுகள் யாவை என்பன தன்னிடம் கேட்கப்படவில்லை என்று 51ஆம் பத்தியில் நீதிமன்றம் கூறியது. பிரிந்து செல்லும் உரிமை ஒன்று உண்டா என்பதும் கேட்கப்படவில்லை என்று 56ஆம் பத்தியில் கியூபெக் வழக்கைச் சுட்டி வேறுபடுத்தியது.

எஞ்சியது ஒன்றே: விடுதலையை அறிவிக்கும் செயலைத் தடுக்கும் விதி ஏதேனும் உண்டா? ஆட்புல ஒருமைப்பாட்டுக் கோட்பாடு அரசுகளுக்கு இடையிலான உறவை மட்டுமே கட்டுப்படுத்தும் என 80ஆம் பத்தி கூறியது. தென் ரொடீசியா, வட சைப்ரசு, ரெபுப்ளிகா செர்ப்ஸ்கா ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பாதுகாப்பு அவை கண்டித்திருந்ததை 81ஆம் பத்தி ஆராய்ந்தது. ஒருதலைப்பட்சமாக அறிவித்தமையால் அவை கண்டிக்கப்படவில்லை. சட்டவிரோதப் படைவலிமையோடும் அடிப்படை விதிகளின் கடும் மீறல்களோடும் பிணைந்திருந்தமையால் கண்டிக்கப்பட்டன என்று விளக்கியது. காலனியச் சூழலுக்கு வெளியே பிரிந்து செல்லும் உரிமை குறித்தும், கொடுமைக்கு உள்ளான மக்களுக்கு இறுதித் தீர்வாக அமையும் பரிகாரப் பிரிவினை குறித்தும் நாடுகளிடையே கருத்து வேறுபாடு நிலவுவதை 82, 83ஆம் பத்திகள் பதிவு செய்து, அவ்வேறுபாட்டைத் தீர்க்க வேண்டிய தேவையில்லை என முடித்தன.

விடுதலை அறிவிப்பு என்பது சொற்களாலான செயல். எவரும் எதனையும் அறிவிக்கலாம்; அறிவிப்பு மட்டும் ஓர் அரசை உருவாக்கிவிடாது. எனவே அறிவித்தல் தடைசெய்யப்படவில்லை என்னும் முடிவு தன்னளவில் சரியானது. ஆனால் மிகக் குறைந்த பயன் உடையது. பொதுச்சபையில் நாடுகள் மோதிக்கொண்டது ஓர் ஆவணம் வாசிக்கப்பட்டமை குறித்து அன்று. மக்களும் நிலமும் ஓர் அரசினின்று விலகியமை குறித்தே. நீதிமன்றம் செயலின் வாய்மொழிப் பகுதியைப் பிரித்தெடுத்து அதற்கு மட்டும் விடையளித்தது.

ஆட்புல ஒருமைப்பாடு பற்றிய வாதத்திலும் ஓர் இடைவெளி உண்டு. 80ஆம் பத்தி, நாடுகளிடையிலான நட்புறவு பற்றிய 1970ஆம் ஆண்டுப் பொதுச்சபைப் பிரகடனத்தை மேற்கோள் காட்டுகிறது. அதே பிரகடனத்தில், சமவுரிமையையும் சுயநிர்ணயத்தையும் மதித்து, இனம், சமயம், நிறம் ஆகிய வேறுபாடின்றி மக்கள் அனைவரையும் சார்ந்த அரசாங்கத்தைக் கொண்ட நாடுகளின் ஒருமைப்பாட்டையே காப்பதாக அமைந்த பாதுகாப்பு வாசகம் ஒன்று உள்ளது. பரிகாரப் பிரிவினைக் கோட்பாட்டின் வேர் அவ்வாசகமே. அதன் பொருளை நீதிமன்றம் ஆராயவில்லை. ஆராய்ந்து மறுத்திருந்தால்கூட அது சட்ட வளர்ச்சிக்கு உதவியிருக்கும்.

3. அறிவித்தவர் யார்?

இரண்டாம் படியே கருத்துரையின் மிகப் பலவீனமான பகுதி. தற்காலிகத் தன்னாட்சி நிறுவனங்கள் ஐ.நா. நிர்வாகம் வகுத்த அரசமைப்புச் சட்டகத்தினால் உருவானவை, அதனால் கட்டுப்பட்டவை. அவை தம் அதிகார எல்லையை மீறி விடுதலையை அறிவித்தன என்றால், அச்சட்டகத்தையே பன்னாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற நீதிமன்றம் அதனை மீறல் என்றே கூறியாக வேண்டும். இச்சிக்கலிலிருந்து விடுபட, அறிவித்தவர்கள் அந்நிறுவனத்தினர் அல்லர். இடைக்கால நிர்வாகச் சட்டகத்திற்கு வெளியே நின்று, மக்களின் பிரதிநிதிகளாகச் செயற்பட்டவர்கள் என்று 109ஆம் பத்தி முடிவு செய்தது.

இதற்குக் காட்டப்பட்ட சான்றுகள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. அறிவிப்பின் அல்பேனிய மூலத்தில் அது கொசோவோ சட்டமன்றத்தின் செயல் என்னும் குறிப்பு இல்லை. ஆங்கில, பிரெஞ்சு மொழிபெயர்ப்புகளில் அக்குறிப்பு பிழையாக இடம்பெற்றிருந்தது. அறிவிப்பு அரசிதழில் வெளியிடுவதற்காக ஐ.நா. சிறப்புப் பிரதிநிதிக்கு அனுப்பப்படவில்லை. 2002 முதல் 2005 வரை சட்டமன்றம் விடுதலையை நோக்கி எடுத்த முயற்சிகள் சிலவற்றை அதிகார வரம்பு மீறியவை எனக் கூறிய சிறப்புப் பிரதிநிதி, 2008இல் மௌனமாக இருந்தார். இம்மௌனத்தையும் நீதிமன்றம் சான்றாகக் கொண்டது.

ஆயினும் கூடிய இடம் சட்டமன்றம். தலைமை தாங்கியவர் அதன் தலைவர். வாக்களித்தவர்கள் அதன் உறுப்பினர்கள். அவர்களுக்கு மக்கள் பிரதிநிதிகள் என்னும் தகுதியைத் தந்தது அச்சட்டகத்தின்படி நடந்த தேர்தல். சட்டகம் தந்த தகுதியை வைத்துக்கொண்டு சட்டகத்தின் கட்டுப்பாட்டை மட்டும் கழற்றிவிட முடியுமா என்னும் கேள்விக்குக் கருத்துரையில் விடை இல்லை. மாறாக நடந்தவற்றைப் பாராதிருந்த அதிகாரியின் மௌனத்திற்கும் அரசியல் காரணங்கள் இருந்திருக்கலாம். அதனைச் சட்டப் பொருள்கோளுக்கு ஆதாரமாக்குவது மணல்மேல் கட்டிய சுவர் போன்றது.

இங்கு முரண் ஒன்று வெளிப்படுகிறது. பொதுச்சபையின் கேள்வி தெளிவானது. அதனை மாற்றியமைக்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் அக்கேள்வியிலேயே அறிவித்தவர் யார் என்பது எழுதப்பட்டிருந்தது. அதனை மட்டும் மீளாய்வு செய்ய நீதிமன்றம் தயங்கவில்லை. எதிர்த்து வாக்களித்த துணைத்தலைவர் தோம்காவும் நீதிபதி பென்னூனாவும் இதனைச் சுட்டியுள்ளனர். அவர்கள் பக்கம் நின்று கொசோவோவின் விடுதலையை மறுக்க வேண்டியதில்லை. கேள்வியின் ஒரு பகுதியை விரிக்க இயன்ற நீதிமன்றத்திற்கு மறு பகுதியை விரிக்க இயலாது போனது ஏன் என்று மட்டும் கேட்டால் போதும். சுருக்கம் சட்டத்தின் கட்டாயத்தால் வந்ததன்று. நீதிமன்றத்தின் தெரிவால் வந்தது.

4. விதியும் விலக்கும்

மூன்றாம் படி தருக்கம் சார்ந்தது. கேள்வி, அறிவிப்பு பன்னாட்டுச் சட்டத்திற்கு ‘இயைந்ததா’ என்பது. விடை, அது சட்டத்தை ‘மீறவில்லை’ என்பது. இயைதலும் மீறாமையும் ஒன்று என்னும் எடுகோள் இவ்விரண்டையும் இணைக்கிறது. இவ்வெடுகோளின் வேர் 1927ஆம் ஆண்டு லோட்டஸ் வழக்கில் உள்ளது. வெளிப்படையாகத் தடுக்கப்படாத எதனையும் இறையாண்மை உள்ள அரசுகள் செய்யலாம் என்பது அவ்வழக்கிலிருந்து பெறப்பட்ட கோட்பாடு.

முடிவை ஆதரித்து வாக்களித்த நீதிபதி சிம்மாவே இந்த அணுகுமுறையைத் தம் தனிக்குறிப்பில் கடுமையாக விமரிசித்தார். சட்டம் ஒரு பொருள் குறித்து நடுநிலை வகிக்கலாம், வேண்டுமென்றே பேசாதிருக்கலாம், பொறுத்துக்கொள்ளப்படுவது, இசைவளிக்கப்படுவது, விரும்பத்தக்கது என்னும் தரவேறுபாடுகள் தடையின்மைக்குள்ளேயே உண்டு என்பது அவர் கருத்து. லோட்டஸ் கோட்பாட்டைக் கொசோவோவிற்குப் பொருத்துவதில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. அது இறையாண்மை அரசுகளின் உரிமைக்காக உருவானது. தன்னை அரசென்று அறிவிக்கும் ஒரு குழுவிற்கு அதே தாராளத்தை ஏன் வழங்க வேண்டும் என்பதை நீதிமன்றம் விளக்கவில்லை.

தமிழ் மரபில் இவ்வேறுபாடு புதிதன்று. திருக்குறள் உரையில் பரிமேலழகர் அறத்திற்குத் தரும் விளக்கம் விதித்தல், விலக்கல் என்னும் இரண்டன்மேல் நிற்கிறது. விதிக்கப்பட்டதும் அல்லாமல் விலக்கப்பட்டதும் அல்லாமல் எஞ்சும் செயல்களும் உண்டு என்பது அவ்விரட்டைப் பாகுபாட்டிலிருந்தே பெறப்படும். நீதிமன்றம் விலக்கு உண்டா என்று மட்டும் தேடியது, இல்லை எனக் கண்டது, அத்துடன் நின்றது. விலக்கின்மையை விதியெனப் படிப்பவர் நீதிமன்றம் சொல்லாததைச் சொன்னதாக்குகின்றனர். தமிழில் இப்பிழை நேர்வதற்குச் சொல்லாட்சியும் ஒரு காரணம். ‘சட்டபூர்வமானது’ என்னும் ஒரே சொல், சட்டம் தடுக்காததையும் சட்டம் உரிமையாக வழங்கியதையும் வேறுபாடின்றிச் சுட்டிவிடுகிறது. ஆய்வெழுத்தில் ‘சட்டமீறல் அன்று’ என்பதையும் ‘சட்ட உரிமை’ என்பதையும் பிரித்தாள்வது இன்றியமையாதது. உரிமை என்றால் எதிர்த்தரப்புக்குக் கடமை உண்டு. தடையின்மைக்கு அத்தகைய இணைக்கடமை இல்லை. கொசோவோவை அறிவிக்கவிடாமல் தடுக்கச் சட்டம் இல்லை எனலாம். கொசோவோவை ஏற்றாக வேண்டும் என்று எந்நாட்டையும் கட்டாயப்படுத்தவும் அக்கருத்துரையில் இடமில்லை.

5. கியூபெக்: வேறொரு வழி

நீதிமன்றம் இக்கேள்வியை வேறுவிதமாகக் கையாண்டிருக்க முடியுமா என்பதற்குக் கனடா உச்ச நீதிமன்றத்தின் 1998 ஆகஸ்ட் 20ஆம் நாள் கருத்துரை சான்று. 1995ஆம் ஆண்டு கியூபெக் வாக்கெடுப்பில் இறையாண்மைக்கு எதிராக 50.58 விழுக்காட்டினரும் ஆதரவாக 49.42 விழுக்காட்டினரும் வாக்களித்திருந்தனர். ஏறத்தாழ ஒரு விழுக்காட்டு இடைவெளியில் நாடு ஒன்றாக எஞ்சிய சூழலில், கியூபெக் ஒருதலைப்பட்சமாகப் பிரியலாமா என உச்ச நீதிமன்றத்திடம் கேட்கப்பட்டது.

நீதிமன்றத்தின் விடை இரு தரப்புக்கும் முழு நிறைவு தரவில்லை. அரசமைப்பின்படியோ பன்னாட்டுச் சட்டத்தின்படியோ ஒருதலைப்பட்சமாகப் பிரியும் உரிமை கியூபெக்கிற்கு இல்லை. அதே வேளையில், தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை மக்கள் பிரிவை ஆதரித்தால், கனடாவின் பிற தரப்புகள் பேச்சுவார்த்தைக்கு வரக் கடமைப்பட்டவை. சுயநிர்ணயம் பெரும்பாலும் நாட்டிற்குள்ளேயே நிறைவேறும் அகச் சுயநிர்ணயம். காலனிய ஆட்சிக்கும் அந்நிய அடக்குமுறைக்கும் உட்பட்ட மக்களுக்குப் புறச் சுயநிர்ணயம் உரியது. அகச் சுயநிர்ணயம் முற்றாக அடைக்கப்பட்ட மக்களுக்கும் அது உரியதாகலாம் என்று கூறி, கியூபெக் மக்கள் அந்நிலையில் இல்லையாதலால் மூன்றாம் வகையை முடிவு செய்யாது விட்டது.

இங்கும் ஒரு மௌனம் உண்டு. ஆனால் அதற்குக் காரணம் கூறப்பட்டது. உண்மை நிலவரத்தோடு அது பொருத்திக் காட்டப்பட்டது. மேலும், களத்தில் வெற்றி பெற்ற பிரிவினை பின்னர் அங்கீகாரம் பெறக்கூடும் என்பதை ஒப்புக்கொண்ட அந்நீதிமன்றம், பிரியும் ஆற்றல் வேறு, பிரியும் உரிமை வேறு என்று வரையறுத்தது. பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பு காட்டும் நேர்மையோ பிடிவாதமோ அந்த அங்கீகாரத்தைப் பாதிக்கும் என்றும் சுட்டியது. அங்கீகாரம் என்னும் அரசியல் செயலுக்குள் சட்டத்தின் அளவுகோலை நுழைக்கும் முயற்சி அது. கொசோவோ கருத்துரையில் அம்முயற்சி இல்லை.

உள்நாட்டு நீதிமன்றத்தின் முன் அரசமைப்பு ஒன்று இருந்தது. பன்னாட்டு நீதிமன்றத்தின் முன் அவ்வாறு ஒன்று இல்லை என்னும் வேறுபாடு உண்மையே. ஆயினும் கையில் எடுக்கத்தக்க பொருள் இருந்தது. ஆலந்துத் தீவுகள் குறித்து 1921இல் நாடுகளின் சங்கத்திற்கு அறிக்கை அளித்த குழு, ஓர் அரசு நியாயமான பாதுகாப்புகளை வழங்க மனமோ ஆற்றலோ இன்றி இருக்கும்போது பிரிவு விதிவிலக்கான கடைசித் தீர்வாகலாம் என்று கருதியிருந்தது. நீதிபதி யூசுப்பும் நீதிபதி கன்சாடோ திரிந்தாதேயும் தத்தம் தனிக் கருத்துரைகளில் கொசோவோ மக்களின் துயரத்தைச் சட்டச் சிந்தனைக்குள் கொண்டுவந்துள்ளனர்.

6. மௌனத்தின் விளைவுகள்

கருத்துரையின் பயனை அளக்க ஓர் எளிய சோதனை உண்டு. 1991இல் கொசோவோ அல்பேனியர்கள் செய்த அறிவிப்பையும் 2008இல் செய்த அறிவிப்பையும் அக்கருத்துரையின் அளவுகோலால் அளந்து பார்க்கலாம். பொதுப் பன்னாட்டுச் சட்டத்தில் அறிவிப்புக்குத் தடை இல்லை என்றால், 1991லும் தடை இல்லை. அதே மக்கள், அதே நிலம். ஆயினும் முதலாவதை ஒரு நாடு ஏற்றது. இரண்டாவதைச் சில நாள்களிலேயே அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு முதலிய நாடுகள் ஏற்றன. இடையில் நிகழ்ந்தவை தன்னாட்சி இழப்பின் நீட்சி, வன்கொடுமை, பன்னாட்டு நிர்வாகம், பேச்சுவார்த்தையின் தோல்வி. இவையே இரண்டையும் வேறுபடுத்துபவை. இவற்றுக்குச் சட்டப் பெறுமானம் உண்டா என்பதைத்தான் நீதிமன்றம் சொல்ல மறுத்தது. சட்டம் விலகிய இடத்தில் அங்கீகாரம் வழங்குவோரின் விருப்பம் அமர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திற்குள்ளேயே ஸ்பெயின், கிரேக்கம், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரசு ஆகிய ஐந்து நாடுகள் கொசோவோவை ஏற்கவில்லை. ஏறத்தாழ நூறு நாடுகளின் அங்கீகாரம் பெற்றும் கொசோவோ ஐ.நா. உறுப்பினராக இயலவில்லை.

இரண்டாம் விளைவு கிரிமியாவில் தெரிந்தது. 2014 மார்ச் 11 அன்று கிரிமிய நாடாளுமன்றமும் செவஸ்தபோல் நகர மன்றமும் வெளியிட்ட விடுதலை அறிவிப்பு, கொசோவோ கருத்துரையைப் பெயர் சுட்டி ஆதாரமாகக் கொண்டது. மார்ச் 18 உரையில் விளாதிமிர் புதினும் அதனை எடுத்தாண்டார். கிரிமியாவிற்கு அது பொருந்தாது என்பதற்கான காரணம் கருத்துரையின் 81ஆம் பத்தியிலேயே உள்ளது: ரசியப் படைகளின் கட்டுப்பாட்டில் நிகழ்ந்த அறிவிப்பு, சட்டவிரோதப் படைவலிமையோடு பிணைந்த அறிவிப்பு. மார்ச் 27 அன்று பொதுச்சபை 100க்கு 11 என்னும் வாக்குகளில், 58 நாடுகள் விலகி நிற்க, உக்ரைனின் ஆட்புல ஒருமைப்பாட்டை வலியுறுத்தியது. எனவே கருத்துரை கிரிமிய இணைப்புக்கு வழிவிட்டது எனல் மிகை. ஆனால் பிரிவினைக்கான நேர்மறை நிபந்தனைகளைக் கூறாத ஒரு கருத்துரையிலிருந்து ‘தடை இல்லை’ என்னும் ஒரு தொடரை மட்டும் கிள்ளியெடுத்தல் எளிது. நிபந்தனைகள் எழுதப்பட்டிருந்தால், அத்தொடரை மேற்கோள் காட்டுவோர் அவற்றையும் எதிர்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

கொசோவோ ஒரு தனிச் சிறப்பு நிகழ்வு, பிறவற்றுக்கு முன்மாதிரி ஆகாது என்று விடுதலை அறிவிப்பே கூறுகிறது. சிறப்பு எதில் உள்ளது என்பதைச் சட்டத்தின் மொழியில் வரையறுக்காதவரை இக்கூற்று அரசியல் வேண்டுகோளாகவே நிற்கும்.

7. தெற்காசியப் பார்வை

இவ்விவாதம் தெற்காசியாவிற்கு அயலானதன்று. வங்கதேசம் 1971 ஏப்ரல் 10 அன்று தன் விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டது. டிசம்பர் 6 அன்று இந்தியா அதனை அங்கீகரித்தது. 1972இல் சீனாவின் மறுப்பு வாக்கு ஐ.நா. உறுப்புரிமையைத் தடுத்தது, 1974 பிப்ரவரியில் பாகிஸ்தான் அங்கீகரித்த பின்னரே, அவ்வாண்டு செப்டம்பரில் உறுப்புரிமை கிட்டியது. பரிகாரப் பிரிவினைக்கு முதன்மை எடுத்துக்காட்டாகப் பலரும் காட்டும் நிகழ்விலும், தாய்நாட்டின் இசைவே இறுதிக் கதவைத் திறந்தது என்பது கவனிக்கத்தக்கது. அங்கு முன்னின்ற இந்தியா, 1979இல் மனித உரிமை உடன்படிக்கைகளில் இணைந்தபோது, முதல் உறுப்பின் சுயநிர்ணய உரிமை அந்நிய ஆதிக்கத்தின்கீழ் உள்ள மக்களுக்கே உரியது. இறையாண்மை நாடுகளுக்கோ ஒரு மக்களின் பகுதியினருக்கோ உரியதன்று என அறிவிப்புச் செய்தது. பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகியவை அதனை எதிர்த்தன. கொசோவோவை இந்தியா ஏற்காததன் பின்புலத்தில் இந்நிலைப்பாட்டையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் 1983ஆம் ஆண்டின் ஆறாம் திருத்தம் தனிநாட்டுக் கோரிக்கையைச் சட்டத்திற்குப் புறம்பாக்கியது. அத்திருத்தத்தின்கீழ் இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கை 2017 ஆகஸ்ட் 4 அன்று தள்ளுபடி செய்த அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கூட்டாட்சிக் கோரிக்கை பிரிவினை ஆகாது என்றும், சுயநிர்ணயம் நாட்டிற்குள்ளேயே நிறைவேற்றப்படக்கூடியது என்றும் கூறியது. கியூபெக் கருத்துரை கூர்மைப்படுத்திய அகம், புறம் என்னும் வேறுபாட்டின் நடைமுறைப் பயன் இங்கே புலனாகிறது. ஒரு கட்சி தன் அரசியல் கோரிக்கையைத் தொடர்ந்து முன்வைக்க அது இடமளித்தது. கொசோவோ கருத்துரையின் ‘தடை இல்லை’ என்னும் தொடர் அத்தகைய பயனைத் தந்திருக்க முடியாது. ஏனெனில் உள்நாட்டுச் சட்டம் விதிக்கும் தடையை அது தொடவே இல்லை. பன்னாட்டுச் சட்டம் தடுக்காத ஒன்றை உள்நாட்டுச் சட்டம் தண்டிக்கலாம் என்னும் நிலை அக்கருத்துரைக்குப் பின்னும் அப்படியே உள்ளது.

8. நீதித்துறை அடக்கம் என்னும் வாதம்

நீதிமன்றத்தின் சார்பில் இரண்டு வலுவான வாதங்கள் உண்டு. ஒன்று, நாடுகள் உடன்படாத பொருளில் நீதிபதிகள் சட்டம் இயற்றலாகாது. மற்றொன்று, பரிகாரப் பிரிவினையை முடிவு செய்திருந்தால் அதனை முற்றாக மறுக்கும் பெரும்பான்மையே அமைந்திருக்கக்கூடும். மௌனம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒரு கதவையேனும் திறந்து வைத்தது.

முதல் வாதத்திற்கு நீதிமன்றத்தின் பிற்கால நடைமுறையே மறுமொழி. சாகோஸ் தீவுகள் குறித்த 2019 பிப்ரவரி 25ஆம் நாள் கருத்துரையில், காலனிய நீக்கக் காலத்தில் சுயநிர்ணய உரிமை எவ்வாறு வழக்காற்றுச் சட்டமாக நிலைபெற்றது என்பதை அது விரிவாக ஆராய்ந்தது. காலனியச் சூழல் எளிதானது என்பது உண்மை; எனினும் நாடுகளின் நடைமுறையைத் தொகுத்து ஆராய்வது நீதிமன்றத்திற்கு இயல்பான பணி என்பதை அது காட்டுகிறது. கொசோவோவில் முடிவு கூறாவிடினும், அந்த ஆய்வையேனும் செய்திருக்கலாம். இரண்டாம் வாதம் கூடுதல் கவனத்திற்கு உரியது. ஆனால் திறந்திருக்கும் அக்கதவின் திறவுகோல் ஒடுக்கப்பட்டோர் கையில் இல்லை. வலிய நட்பு நாடு வாய்க்கப்பெற்றவருக்கே அது திறக்கிறது.

முடிவுரை

கொசோவோ கருத்துரையின் முடிவு பிழையானது என்று இக்கட்டுரை கூறவில்லை. அதன் முடிவு தாங்கக்கூடிய எடை மிகக் குறைவு என்பதே கூற விழைந்தது. அறிவித்தல் என்னும் செயலைப் பிரித்தெடுத்தும், அறிவித்தவரை மறுவரையறை செய்தும், மீறாமையை இயைபாகக் கொண்டும் நீதிமன்றம் தன்னைப் பிணக்கிலிருந்து விடுவித்துக்கொண்டது. பிணக்கு பேச்சுவார்த்தை மேசைக்கே திரும்பியது. 2010 செப்டம்பரில் பொதுச்சபை ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னெடுப்பை வரவேற்றதும், 2013 ஏப்ரலில் பிரசல்ஸ் உடன்பாடு உருவானதும் இதன் தொடர்ச்சி. பேச்சுவார்த்தையில் எவருக்கு என்ன உரிமை என்பதை அறியாமலேயே இரு தரப்பும் அமர வேண்டியிருந்தது.

இக்கருத்துரையை மேற்கோளாகக் கையாளும் தமிழ் ஆய்வுகள் மூன்றினைப் பிரித்துணர்தல் வேண்டும்: நீதிமன்றம் கூறியது, அறிவிப்புக்குத் தடை இல்லை என்பது, கூறாதது, பிரியும் உரிமை உண்டு அல்லது இல்லை என்பது, எல்லையிட்டது, படைவலிமையோடு பிணைந்த அறிவிப்பு இப்பாதுகாப்பைப் பெறாது என்பது. இம்மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அக்கருத்துரை எவ்வளவு உதவும், எங்கு உதவாது என்பது தெளிவாகும். அகச் சுயநிர்ணயம் எப்போது அடைக்கப்பட்டதாகக் கொள்ளப்படும், அதனை எத்தகைய சான்றுகளால் நிறுவுவது என்னும் கேள்விகள் இன்னும் ஆராயப்பட வேண்டியவை. தனி அரசு கோருவோர்க்கும் ஒரே நாட்டிற்குள் நீதி கோருவோர்க்கும் அவையே அடிப்படையானவை.